பழமையின் மூன்று பூட்டுகள்

பழமைவாதிகள் மூன்று வேண்டுகோள்களை நாட்டின் முன் வைக்கிறார்கள். அரசு ஒதுங்கி நிற்கட்டும், வரி குறையட்டும், குடும்பம் குலையாதிருக்கட்டும். கேட்பதற்கு இனிய சொற்கள்தாம். வரி கொடுக்க எவருக்குத்தான் ஆசை? அதிகாரியின் வாயிற்படியில் கைகட்டி நிற்க எவருக்குத்தான் மனம் வரும்? தன் குடும்பம் சிதற வேண்டும் என்று எவர்தான் விரும்புவார்? எனவே பல்லடத்துத் தறிக்கூடத்திலும் சரி, டில்லி மாமன்றத்திலும் சரி, இந்த மூன்று சொற்களைக் கேட்டுத் தலையாட்டுவோர் மிகுந்திருக்கிறார்கள்.

தலையாட்டுமுன் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும், தோழர்களே! எந்த அரசு, எவரிடமிருந்து ஒதுங்க வேண்டும்? எந்த வரி, எவருக்குக் குறைய வேண்டும்? எந்தக் குடும்பம், எவர் வாய் மூடிக் கிடப்பதால் குலையாமல் நிற்கிறது? இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால், மூன்றும் தனித்தனிக் கொள்கைகள் அல்ல, ஒரே பெட்டகத்தின்மீது தொங்கும் மூன்று பூட்டுகள் என்பது விளங்கும். அந்தப் பெட்டகத்தில் இருப்பது பரம்பரை உடைமை.

ஒரு கொள்கையை எடைபோட விரும்புவோர், அதை உளறுவோரை எடுத்துக்கொள்ளலாகாது. திறம்பட உரைத்தவரை எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழகத்தில் அவ்வாறு உரைத்தவர் ராஜகோபாலாச்சாரியார். 1959 ஜூனில் சென்னையில் அறிவிக்கப்பட்டு அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாயில் அமைப்பு வடிவம் பெற்ற சுதந்திராக் கட்சிக்கு அவரே கருத்தளித்தார். ஆந்திரத்து என். ஜி. ரங்கா தலைவர், பம்பாயின் மினூ மசானி பொதுச் செயலாளர். கூட்டுறவுப் பண்ணைக்கு வழிகோலிய காங்கிரசின் நாகபுரித் தீர்மானம் அவ்வாண்டு ஜனவரியில் நிறைவேறியிருந்தது. நிலவுடைமையாளரும் ஆலை அதிபரும் முன்னாள் மன்னர்களும் அஞ்சி நின்ற வேளை அது. அந்த அச்சத்துக்கு அறிவுலக ஆடை நெய்து கொடுத்தார் ஆச்சாரியார். பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அவர் வைத்த பெயர் இன்றும் மக்கள் நாவில் இருக்கிறது.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஓர் இயந்திரம் இறக்குமதி செய்ய ஒரு சீட்டு, மூலப்பொருள் பெற ஒரு சீட்டு, உற்பத்தியைப் பெருக்க ஒரு சீட்டு என்று இருந்த காலத்தில், சீட்டுக் கொடுப்பவரின் மேசைக்குக் கீழே கை நீண்டது. செல்வாக்குள்ள பெருமுதலாளிகள் சீட்டுகளை வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு போட்டியாளரைத் தடுத்தார்கள். சிறு தொழிலினர் வெளியே நின்றார்கள். இதை எடுத்துச் சொல்ல அன்று துணிவு வேண்டும். ஆச்சாரியாருக்கு அந்தத் துணிவு இருந்தது. 1938-ல் பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியவரே பின்னாளில் இந்தி ஆதிக்கத்தை எதிர்த்து வாதாடினார் என்பதும் வரலாறு. 1967 தேர்தலில் தி.மு.க.வும் சுதந்திராக் கட்சியும் ஓரணியில் நின்றதும் நாடறிந்ததே. ஓர் ஆதிக்கத்தை வீழ்த்த ஒன்றுசேர்ந்தார்கள் என்பதற்காக, கொள்கையை ஆராயாமல் விட வேண்டும் என்று எந்தப் பகுத்தறிவும் சொல்லவில்லை. ஆராய்வோம்.

முதலில் வரி.

வரி குறைய வேண்டும் என்ற கட்சியின் மூலவர், அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாணத்தின் பிரதமராக அமர்ந்து செய்தது என்ன? 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளுக்கடை வருமானம் போயிற்று. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்தியாவிலேயே பொது விற்பனை வரி கண்ட முதல் மாகாணம் சென்னை. ஒவ்வொரு மாநிலமும் பின்னர் அந்த வழியில் நடந்தது. இன்று கடைச்சீட்டின் அடியில் நாம் காணும் சரக்கு சேவை வரியின் பாட்டனார் அந்த 1939-ஆம் ஆண்டுச் சட்டமே.

மதுவிலக்கு நல்ல நோக்கம்தான். ஏழையின் குடியால் அரசு வாழக்கூடாது என்று அவர் எண்ணியது பாராட்டத்தக்கது. ஆனால், இழந்த பணத்தை எவரிடமிருந்து எடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது அவருடைய விரல் எந்தப் பக்கம் நீண்டது என்பதைக் கவனியுங்கள். விற்பனை வரி வாங்குபவனின் வசதியைக் கேட்பதில்லை. பொருளின் விலையை மட்டுமே கேட்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் தறித்தொழிலாளி அவ்வளவையும் செலவிட்டே ஆக வேண்டும். 5 விழுக்காடு வரி என்றால் 750 ரூபாய்; அவர் வருமானத்தில் சரியாக 5 விழுக்காடு. மாதம் 5 லட்சம் ஈட்டும் செல்வர் ஒரு லட்சம் செலவிட்டு நாலு லட்சத்தைச் சேமித்தால், அவர் கொடுப்பது 5,000 ரூபாய். வருமானத்தில் ஒரு விழுக்காடு. ஒரே விகித வரி, ஏழைக்கு ஐந்து மடங்கு பாரம்! சமம் என்ற பெயரில் நடக்கும் இந்தச் சமமின்மையைத்தான் மறைமுக வரி என்று பொருளியலார் அழைக்கிறார்கள். மறைமுகம் என்ற சொல் பொருத்தமானதே. அது தன் முகத்தை ஏழையிடம் மறைத்துக்கொண்டே அவன் மடியில் கைவிடுகிறது.

இனி மறுபக்கம். 1953-ல் இந்திய நாட்டில் மரணச் சொத்து வரி வந்தது. பெருஞ்செல்வர் இறந்தால் அவர் விட்டுச் சென்ற சொத்தில் ஒரு பங்கு பொதுவுக்கு. கேம்பிரிட்ஜ் பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் கால்டார் 1956-ல் அளித்த அறிக்கையை ஒட்டி 1957-ல் சொத்து வரியும் செலவு வரியும், 1958-ல் நன்கொடை வரியும் வந்தன. சேர்த்து வைத்தாலும், செலவிட்டாலும், பிறருக்கு மாற்றினாலும் பெருஞ்செல்வம் தன் பங்கைத் தந்தாக வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் உட்கருத்து. பழமை முகாமின் சினமெல்லாம் இந்த வரிகள்மீதே பாய்ந்தது. சேமிப்பைக் கொல்கிறது, முயற்சியைக் கொல்கிறது, குடும்பச் சொத்தைச் சிதைக்கிறது என்றார்கள்.

முடிவு என்னவாயிற்று? செலவு வரி 1966-ல் மடிந்தது. மரணச் சொத்து வரி 1985-ல் போயிற்று. நன்கொடை வரி 1998-ல் போயிற்று. சொத்து வரி 2015 வரவு செலவுத் திட்டத்தோடு போயிற்று. 2019 செப்டம்பரில் நிறுவன வரியின் அடிப்படை விகிதம், சலுகைகளை விட்டுவிடும் நிறுவனங்களுக்கு, 30-லிருந்து 22 விழுக்காடாக இறங்கியது. விற்பனை வரியோ? 1959-ல் புதுச் சட்டமாயிற்று. 2007-ல் மதிப்புக் கூட்டு வரியாக வேடம் மாற்றியது. 2017 ஜூலையில் நாடு தழுவிய சரக்கு சேவை வரியாக வளர்ந்தது. சுதந்திராக் கட்சி 1974-ல் பாரதிய லோக் தளத்தில் கரைந்து மறைந்தது. கட்சி தோற்றது, அதன் வரிக்கொள்கை வென்றது! எந்த வரி போயிற்று, எந்த வரி நிலைத்தது என்ற பட்டியலைப் பார்ப்பவர், வரி குறையட்டும் என்ற முழக்கம் எவர் பொருட்டு எழுந்தது என்பதை உணர்வார்.

அந்தச் செல்வ வரிகள் ஈட்டியது சொற்பம், வசூல் செலவும் வழக்குகளுமே மிச்சம் என்பார்கள். ஓரளவு உண்மை. வலையில் ஓட்டைகள் இருந்தன. சட்ட வல்லுநர்கள் அவ்வோட்டைகள் வழியே பெரிய மீன்களை வழியனுப்பி வைத்தார்கள். ஓட்டை இருந்தால் வலையைத் தைப்பது மீனவன் வழக்கம். வலையைக் கடலில் எறிந்துவிட்டு, கரையில் நண்டு பிடிக்கும் சிறுவனின் கூடையைப் பறிப்பது எந்த ஊர் வழக்கம்?

நம் பக்கத்துக் கணக்கையும் திறந்து பார்க்க வேண்டும். 1971-ல் தமிழகத்தில் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டது. தள்ளாத வயதில் ஆச்சாரியார் முதலமைச்சரை நேரில் கண்டு, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 2003 நவம்பரில் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமான டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. 2023-24-ஆம் ஆண்டில் மதுவழியே மாநிலக் கருவூலத்துக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இதைப் பெருமையாகச் சொல்ல நம்மால் இயலாது. கோட்டையில் எந்தக் கொடி பறந்தாலும், அந்தப் பணத்தின் பெரும்பகுதி கூலிக்காரன் வீட்டு அடுப்பிலிருந்து வந்ததே.

மாநிலம் ஏன் இந்தப் படுகுழியில் வந்து நிற்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வருமான வரி, நிறுவன வரி, சொத்து மீதான வரி எல்லாம் டில்லியின் பட்டியலில். விற்பனை வரி மாநிலத்தின் கையில் இருந்தது. 2016-ஆம் ஆண்டின் 101-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் அதன் விகிதத்தைச் சரக்கு சேவை வரி மன்றம் முடிவு செய்கிறது. அந்த மன்றத்தில் மத்திய அரசின் வாக்கு மூன்றில் ஒரு பங்கு. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். டில்லி வேண்டாம் என்றால் எல்லா மாநிலமும் சேர்ந்தாலும் ஒன்றும் நடவாது என்பதே இதன் பொருள். மாநிலத்தின் கையில் தங்கிய பெரிய வரிகள் மது, பெட்ரோல், டீசல், பத்திரப் பதிவு, வாகனம் ஆகியவையே. அரசு சுருங்க வேண்டும் என்று முழங்குவோர், டில்லி அரசு பெருப்பதைக் கண்டு முகம் சுளிக்கக் காணோம். அதிகாரக் குவிப்பைச் சாடிய ஆச்சாரியாரின் வாரிசுகள் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர், அவருடைய அந்த ஒரு நல்ல பாடத்தை மட்டும் மறந்துவிட்டார்கள்.

அடுத்து, அரசு ஒதுங்கட்டும் என்ற பூட்டு.

கொங்கு நாடு இந்த வாதத்துக்குச் செழிப்பான நிலம். எங்கள் வியர்வையால் வளர்ந்தோம், எவர் தயவிலும் அல்ல என்ற பெருமிதம் இங்கே உண்டு. வியர்வை மெய். கரிசலையும் செம்மண்ணையும் கிணறு வெட்டிக் கழனியாக்கியவர்கள், மழை பொய்த்தபோது தறியையும் கோழிப்பண்ணையையும் நாடிப் பிழைத்தவர்கள் இந்த மக்கள். ஆயினும் வியர்வை மட்டுமே வரலாறு அல்ல. கோவை வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகியதற்குக் காரணமாக இருந்தது 1932-ல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின்சாரம். அதை அமைத்தது சென்னை மாகாண அரசு. பல்லடம் வட்டத்து வயல்களுக்குக் கால்வாய் நீர் தந்தது பரம்பிக்குளம் ஆழியாறுத் திட்டம். அதுவும் அரசின் பணி. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் கொங்கு உழவர்கள் பெரும் போராட்டம் நடத்தினார்கள். பின்னர் பம்புசெட்டுகளுக்குக் கட்டணமில்லா மின்சாரம் வந்தது. விசைத்தறிக்கு இரண்டு மாதங்களுக்கு 750 யூனிட் வரை கட்டணமின்றி வழங்கப்பட்ட மின்சாரம் 2023-ல் 1,000 யூனிட்டாக உயர்ந்தது.

இவற்றை நாம் குறை கூறவில்லை. வேண்டும் என்றே சொல்கிறோம். கேள்வி வேறு. தறிக்கு வரும் மின்சாரத்துக்குத் தொழில் ஊக்கம் என்று பெயர். அதே தறிக்கூடத்தில் நூல் போடும் பெண் 2021-ல் தொடங்கிய கட்டணமில்லாப் பேருந்தில் ஏறினால், அதற்கு இலவசம் என்று பெயர்! அவர் கைக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் சென்றபோது நாடு பாழாயிற்று என்றார்கள். பெறுபவரைப் பார்த்துப் பெயரிடும் இந்த அகராதியை எழுதியவர் யார்?

சந்தையின் சுதந்திரம் பற்றியும் பல்லடம் ஒரு பாடம் சொல்லும். இங்குள்ள விசைத்தறியாளரில் மிகப் பலர் கூலிக்கு நெய்பவர்கள். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் தருவார். துணியை நெய்து திருப்பித் தந்து கூலி பெற வேண்டும். தறி இவருடையது, கொட்டகை இவருடையது, கடனும் இவருடையது. விலை மட்டும் அவருடையது. கறிக்கோழி வளர்ப்பிலும் இதே ஏற்பாடுதான்: குஞ்சும் தீவனமும் நிறுவனம் தரும், கொட்டகையும் தண்ணீரும் இரவுக் காவலும் பண்ணைக்காரர் தருவார், கடைசியில் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலி நெசவு விசைத்தறியாளர்கள் ஒப்புக்கொண்ட கூலி உயர்வு கைக்கு வரவில்லை என்று தறிகளை நிறுத்தினார்கள். அவர்கள் எவரிடம் போனார்கள்? அரசிடம். பேச்சு வார்த்தைக்கு ஏற்பாடு செய், ஒப்பந்தத்தை நிறைவேற்றிக் கொடு என்று கேட்டார்கள். சரியாகவே கேட்டார்கள். வலியவனும் எளியவனும் பேரம் பேசும் இடத்தில் அரசு ஒதுங்கினால், அது நடுநிலை ஆகாது. வலியவன் பக்கம் போய் நிற்பதே ஆகும்.

அரசு தலையிட்டால் முயற்சி மங்கும் என்ற கூற்றுக்குத் தமிழகம் தன் வாழ்வாலேயே விடை தந்திருக்கிறது. 1920-ல் நீதிக்கட்சியார் ஆண்ட சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, காமராசர் காலத்தில் ஊரெங்கும் பரவி, 1982-ல் சத்துணவாகி, 2022-ல் காலை உணவாகவும் விரிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் எங்கே என்று முகம் கோணியவர்கள் உண்டு. 2021-22-ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் உயர்கல்வி சேர்வோர் விகிதம் இந்திய அளவில் 28.4, தமிழகத்தில் 47. உண்ட சோறும் கற்ற எழுத்தும் முயற்சியை மங்கச் செய்யவில்லை.

இனி மூன்றாவது பூட்டு, குடும்பம். இதுவே மிகப் பழைய பூட்டு, துருப்பிடித்தது, திறக்க முனைவோரின் கையைக் கிழிப்பது.

1953-ல் முதலமைச்சராக இருந்த ஆச்சாரியார், நகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றார். குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதற்குப் பெயரிட்டது. குடும்பமே பள்ளி, தந்தையே ஆசான் என்ற அழகிய கற்பனை அது. தந்தை தோல் பதனிடுபவர் ஆனால்? தந்தை பண்ணையாள் ஆனால்? அந்தப் பிள்ளைக்கு ஆசான் கற்பிக்கக் கூடியது அடிமைத்தனம் ஒன்றே. பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்துக் கிளர்ந்தன. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் ஆச்சாரியார் பதவி விலகினார். மே மாதம் காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

இதே ஆச்சாரியார் தம் மகளைக் காந்தியாரின் மகன் தேவதாசுக்கு 1933-ல் மணம் முடித்துக் கொடுத்தவர். பிராமணருக்கும் வைசியருக்கும் நடந்த கலப்பு மணம் அது. தம் வீட்டில் சாதிவேலியைத் தாண்ட இசைந்தவர், ஊரார் வீட்டுப் பிள்ளைகளுக்குக் குலத்தொழில் வேலியை அரசாணையால் எழுப்பினார். அரசு ஒதுங்க வேண்டும் என்று பின்னாளில் எழுதிய அதே கை, ஏழைப் பிள்ளையின் கரும்பலகையை அரை நாளுக்கு மூடியது! தனி வாழ்வின் பண்பு பொதுக் கொள்கைக்குப் பிணை ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதே 1953-ல்தான், புரோகிதரும் தீவலமும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமணம் செல்லாது என்றால் என்ன பொருள்? மனைவி மனைவியல்ல, பிள்ளை முறைப்பிள்ளையல்ல, எனவே சொத்தில் பங்கு தடுமாறும். சடங்கைப் பற்றிய வழக்குப்போல் தோன்றினாலும் அடியில் கிடந்தது உடைமை வழக்கே. 1967-ல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த திருத்தம் அந்த மணங்களுக்குச் சட்டத் தகுதி தந்தது. மணமக்கள் விரும்பினால் ஆரவாரமின்றியும் அவ்வாறு மணந்துகொள்ளலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

குடும்பமும் வரியும் கைகோக்கும் இடம் ஒன்றுண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. வருமான வரிச் சட்டம் இந்துக் கூட்டுக் குடும்பத்தைத் தனி நபர் போன்ற ஒரு வரிதாரராக ஏற்கிறது. 1922 சட்டத்திலும் ஏற்றது, 1961 சட்டத்திலும் ஏற்றது. பரம்பரைச் சொத்துள்ள ஒருவர் தம் பெயரில் ஒரு கணக்கு, குடும்பத்தின் பெயரில் மற்றொரு கணக்கு என்று வருமானத்தைப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியே விலக்கு வரம்பு பெறலாம். பாட்டன் சொத்து எதுவும் இல்லாத கூலிக்காரருக்கு இதனால் ஆவது என்ன? பாசம் அவர் குடும்பத்திலும் உண்டு. சலுகை மட்டும் இல்லை. இந்தக் கூட்டுக் குடும்பத்தின் தலைவருக்குக் கர்த்தா என்று பெயர். பங்காளியல்லாத பெண் கர்த்தா ஆக முடியாது என்பதே நெடுங்காலச் சட்டம். 2015-ல்தான் டில்லி உயர் நீதிமன்றம் மூத்த மகளும் கர்த்தா ஆகலாம் என்றது. 2018-ல் இந்தியச் சட்ட ஆணையம் வெளியிட்ட ஆலோசனைத் தாள், பிறப்பால் வரும் பங்காளி உரிமையையும் கூட்டுக் குடும்ப வரிச் சலுகையையும் நீக்கலாம் என்று கருத்துரைத்தது. கேரளம் 1975-லேயே கூட்டுக் குடும்பமுறையைச் சட்டத்தால் ஒழித்தது; அதனால் அங்கே எந்தத் தாயும் பிள்ளையை வெறுக்கத் தொடங்கிவிடவில்லை.

பிற நாட்டுச் செய்தியும் இதற்கு ஒளி தரும். பிரிட்டனில் 1990 வரை மனைவியின் வருமானம் கணவன் வருமானத்தோடு சேர்த்தே வரிக்கு எண்ணப்பட்டது. சுவீடன் 1971-லேயே கணவனையும் மனைவியையும் தனித்தனி வரிதாரர் ஆக்கியது. பெண்கள் வேலைக்குப் போவது தண்டனைபோல் இருந்த நிலை அதனால் மாறியது. குடும்பத்தை ஓர் உருவாக எண்ணும் வரி, உண்மையில் குடும்பத் தலைவனையே எண்ணுகிறது.

மகளுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பங்காளிச் சொத்தை ஆண்களிடமே விட்டுவைத்தது. தமிழகத்தில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் மகளைப் பங்காளியாக்கியது. அதற்குமுன் மணமானவர்கள் விடுபட்டார்கள். 2005-ல் இந்தியா முழுமைக்கும் திருத்தம்; 2020 ஆகஸ்டில் அதற்கு உச்ச நீதிமன்றத்தின் தெளிவான விளக்கம். தீர்மானத்திலிருந்து தீர்ப்பு வரை 91 ஆண்டுகள்! குடும்பம் குலைந்துவிடும் என்ற கூக்குரல் இந்த 91 ஆண்டும் ஓயவில்லை.

சட்டம் வந்துவிட்டது, பூட்டு திறந்ததா? பத்திரப் பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் என்று ஒன்று எழுதப்படுகிறது. அண்ணன் தம்பிக்காகத் தன் பங்கை விட்டுக்கொடுத்துச் சகோதரி கையெழுத்திடும் தாள் அது. சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று, இனி என்ன பங்கு என்பார்கள். கையெழுத்திட மறுத்தால் பிறந்த வீட்டுக் கதவு அடைபடும். சட்டம் தந்த உரிமையைப் பாசத்தின் பெயரால் பறிக்கும் இந்தத் தாளுக்கு விடுதலை என்று பெயர் வைத்தவர், நகைச்சுவை உணர்வு மிக்கவராக இருக்க வேண்டும். சொத்தில்லா வீட்டுப் பெண்ணுக்கோ வேறொரு தாள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகள் பலவற்றில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் மணச்செலவுக்கென ஒரு தொகை தரும் வழக்கம் இருந்தது. வரதட்சணை என்ற குடும்ப மரபும் மலிவுக் கூலி என்ற ஆலைத் தேவையும் எவ்வளவு அழகாகக் கைகுலுக்கிக்கொண்டன, பாருங்கள்!

பூட்டைத் தானே உடைத்து வெளியேறும் பெண்ணுக்கு நேர்வது என்ன? 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த இளைஞர் ஒருவர் மனைவியின் கண்முன்னே வெட்டிக் கொல்லப்பட்டார். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இத்தகைய இணையருக்கு மாவட்டந்தோறும் தனிக் காவல் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் அமைக்க ஆணையிட்டது. அதன் பின்னரும் நடந்ததைக் கேளுங்கள். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து திருப்பூர் வட்டாரத்தில் வேலை பார்த்த 19 வயதுப் பெண் ஒருவர், 2023 டிசம்பர் 31 அன்று தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த இளைஞரை மணந்தார். மகளைக் காணவில்லை என்று தந்தை புகார் தந்தார். 2024 ஜனவரி 2 அன்று பல்லடம் காவல் நிலையம் அந்தப் பெண்ணைத் தந்தையோடு அனுப்பி வைத்தது. மறுநாள் அவர் உயிரோடு இல்லை. பெற்றோரும் உறவினரும் கைதானார்கள். காவல் ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

குடும்ப விவகாரத்தில் அரசு தலையிடலாகாது என்பவர்களை இந்த ஒரு செய்தியின் முன் நிறுத்திக் கேட்போம். அன்று காவல் நிலையத்தில் அரசு இல்லையா? இருந்தது. சீருடையோடு இருந்தது. மணவுரிமை பெற்ற, வயது வந்த குடிமகள் ஒருத்தியைத் தந்தையின் உடைமையாக எண்ணிக் கையளித்தது. அரசு வீட்டுக்குள் நுழையலாமா கூடாதா என்பது வெறும் பேச்சு. அது எப்போதும் உள்ளேதான் இருக்கிறது. பத்திரமாக, பட்டாவாக, வரிச்சலுகையாக, காவலராக இருக்கிறது. உள்ளே அது எவர் பக்கம் நிற்கிறது என்பதே கேள்வி.

இப்போது மூன்று பூட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பெருஞ்செல்வத்தின்மீது வரி கூடாது. உடைமை கலையாமல் இருக்கும். பேரத்தில் அரசு கூடாது, உடைமை பெருகும். மகளுக்குப் பங்கும் வேண்டாம், விருப்ப மணமும் வேண்டாம். உடைமை சாதிக்குள்ளேயே சுற்றும். சாதி மறுப்பு மணத்தைக் கண்டு இத்தனை வெறி ஏன்? மானத்தின் பெயரைச் சொல்கிறார்கள். அந்த மானம் நின்றது நிலத்தின்மீதும் அந்நிலத்துக்கு வாரிசு யார் என்ற கணக்கின்மீதும்தான். வேலைக்காரி பெற்ற கூலியால் வாழும் வீடுகளிலும் அந்த வெறி புகுந்தது, உடையவர்களின் ஒழுக்கத்தை இல்லாதவர்களும் தம்முடையதாக எண்ணுமாறு பழக்கப்பட்டதால்.

1967-க்குப் பின் இயக்கத்தின் வழிவந்த ஆட்சிகள் பல அமர்ந்தும், ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாள் கிடப்பில் கிடந்தது. 2025 அக்டோபரில்தான் அது பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது. சட்டமன்றத்துக்குப் போன கொள்கை வீட்டுக் கூடத்துக்கு வரத் தயங்கியதன் விலையை அந்த இடைக்காலத்தில் இளைஞர்கள் உயிரால் கொடுத்தார்கள்.

ஆகவே இளந்தோழர்களே, மேடையில் பழமையைச் சாடுவது எளிது, கைதட்டும் கிடைக்கும். எவரேனும் வரி குறையட்டும் என்றால், எந்த வரி என்று கேளுங்கள். இலவசம் என்று ஏளனம் செய்தால், பைக்காரா மின்சாரத்துக்கு எவர் பணம் கொடுத்தார் என்று கேளுங்கள். கொங்கு நாட்டில் சாதி கடந்து மணந்தவர் கதவைத் தட்டினால், அதே இரவில் அவரை வழக்கறிஞரிடமும் பாதுகாப்பிடமும் சேர்ப்பியுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2018 ஆணையைக் காவல் நிலையத்தில் எடுத்துக் காட்டுங்கள். இவையெல்லாம் வெளியே செய்ய வேண்டியவை.

உள்ளே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. உங்கள் தந்தையின் நிலத்துக்கு உங்கள் சகோதரியின் பெயரில் ஒரு விடுதலைப் பத்திரம் தயாராகும் நாள் வரும். எழுத்தர் பேனாவை நீட்டுவார்; உறவினர் புன்னகையோடு காத்திருப்பார்; அக்கா உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் வாய் திறந்து, "இந்தக் கையெழுத்து வேண்டாம், பங்கைப் பிரியுங்கள்" என்று சொல்லுங்கள்.